மாநிலங்களவையும் படச்சுருள் காப்பகமும்: எதை மாற்றலாம், எதை இணைக்கக் கூடாது

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாநிலங்களவை மக்களவை செய்த வேலையையே திரும்பச் செய்கிறது, அதனால் அதைச் சுருக்க வேண்டும், இல்லையென்றால் அடியோடு மாற்ற வேண்டும் என்கிறார்கள். அரசு நடத்தும் திரைப்பட, கலை, இலக்கிய அமைப்புகள் ஒன்றின் வேலையை மற்றொன்றும் செய்கின்றன, அதனால் ஒரே குடையின்கீழ் கொண்டுவரலாம் என்கிறார்கள். இரண்டுமே வீண்செலவைக் குறைக்கத்தானே, இதில் என்ன தவறு என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாநிலங்களவையில் மாற்றம் தேவை என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. அமைப்புகளை இணைப்பதில் பாதிக்குச் சம்மதம், பாதிக்கு இல்லை. ஆனால் இரண்டையும் செலவுக் கணக்கில் இருந்து தொடங்குவது தவறு என்றுதான் நினைக்கிறேன். மேலவையும் ஆவணக் காப்பகமும் நிதானமாக வேலை செய்வதற்காகவே கட்டப்பட்டவை. நிதானமாக நடக்கும் வேலையைக் கணக்குப்பிள்ளையின் கண்ணால் பார்த்தால் அது சும்மா இருப்பது போலத்தான் தெரியும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது வேறு: அந்த அமைப்பு செய்கிற எந்த வேலையை வேறு யாரும் செய்வதில்லை? அதில் உட்காருகிறவரைத் தேர்ந்தெடுப்பது யார்?

மாநிலங்களவையில் இருந்து வருகிறேன். அரசியல் நிர்ணய சபையில் இரண்டாவது அவை வேண்டுமா என்ற விவாதம் 1947 ஜூலையில் வந்தபோது, அது முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டையாக இருக்கும் என்று சிலர் எதிர்த்தார்கள். பதில் சொன்னவர் தஞ்சை மாவட்டத்தில் பிறந்த என்.கோபாலசுவாமி அய்யங்கார். முக்கியமான விஷயங்களில் கண்ணியமான விவாதம் நடக்க வேண்டும். அந்த நேரத்து ஆவேசத்தில் பிறக்கும் சட்டங்களை ஆவேசம் அடங்கும்வரை கொஞ்சம் தாமதப்படுத்த வேண்டும். இதற்கு மேல் இரண்டாவது அவையிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் கேட்டது தடுக்கும் அதிகாரம் இல்லை, தாமதிக்கும் அதிகாரம். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்தது எல்லாம் புரியும்.

1970 செப்டம்பரில் நடந்ததைப் பாருங்கள். பழைய சமஸ்தான மன்னர்களுக்கு அரசு கொடுத்துவந்த மானியத்தை ஒழிக்கும் அரசமைப்புத் திருத்த மசோதா மக்களவையில் நிறைவேறி மாநிலங்களவைக்கு வந்தது. ஆதரவு 149, எதிர்ப்பு 75. வாக்களித்தவர்கள் 224 பேர், திருத்தம் நிறைவேற வேண்டியது அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 149.33. ஒரு முழு வாக்குகூட இல்லை, ஒரு வாக்கின் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததால் மசோதா விழுந்தது. குடியரசுத் தலைவர் ஆணை மூலம் மன்னர்களின் அங்கீகாரத்தை அரசு நீக்கிப் பார்த்தது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1971-ல் இந்திரா காந்தி பெரும் பலத்தோடு ஜெயித்து வந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் 26-ஆவது திருத்தமாக அதே விஷயம் நிறைவேறியது. மானியத்தை ஒழித்தது சரியா தவறா என்பது தனிப் பேச்சு. ஒழிக்கச் சொன்னவர்கள் மக்களிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து ஒழித்தார்கள். நடுவில் அந்த ஒன்றேகால் ஆண்டை வாங்கிக் கொடுத்தது மாநிலங்களவை.

1989-லும் இதே கதைதான். ராஜீவ் காந்தி அரசின் பஞ்சாயத்து ராஜ், நகராட்சி மசோதாக்கள் இரண்டும் அந்த அக்டோபரில் மாநிலங்களவையில் தோற்றன. மாநில அரசுகளைத் தாண்டி டெல்லி நேராக ஊராட்சியின் கையைப் பிடிக்கப் பார்க்கிறது என்பது அன்றைய பெரிய குற்றச்சாட்டு. மூன்று ஆண்டுகள் கழித்து, மாநிலங்களுக்குக் கூடுதல் இடம் கொடுத்து, 73, 74-ஆவது திருத்தங்களாக அவை நிறைவேறின. இன்று நம் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் இருக்கிற அரசமைப்பு அந்தஸ்து அங்கிருந்து வந்ததுதான்.

ஆக, வேறு யாரும் செய்யாத வேலை ஒன்று இருக்கிறது. இன்னும் சிலவும் உண்டு. மாநிலப் பட்டியலில் உள்ள ஒரு பொருளில் நாடாளுமன்றம் சட்டம் செய்ய வேண்டுமானால், தேசிய நலனுக்கு அது தேவை என்று மாநிலங்களவை மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு தீர்மானம் போட வேண்டும்; இது 249-ஆவது பிரிவு. புதிய அகில இந்தியப் பணி ஒன்றை உருவாக்குவதற்கும் அப்படித்தான், 312-ஆவது பிரிவு. இந்த இரண்டு சாவிகளும் மக்களவையிடம் இல்லை.

சரி, அப்படியானால் கோளாறு எங்கே?

என் கணக்கில் பெரிய கோளாறு பண மசோதா. வரி, அரசின் வரவு செலவு பற்றிய மசோதாவில் மாநிலங்களவை 14 நாளுக்குள் யோசனை மட்டும்தான் சொல்லலாம். ஏற்பதும் தள்ளுவதும் மக்களவையின் விருப்பம். ஒரு மசோதா பண மசோதாவா என்று முடிவு செய்பவர் மக்களவைத் தலைவர். 2016 மார்ச் 16 அன்று ஆதார் மசோதாவுக்கு மாநிலங்களவை ஐந்து திருத்தங்கள் சொல்லித் திருப்பி அனுப்பியது. அன்றைக்கே மக்களவை ஐந்தையும் தள்ளிவிட்டு மசோதாவை நிறைவேற்றிக்கொண்டது. ஒரே நாள். கோபாலசுவாமி அய்யங்கார் கேட்ட தாமதம் சில மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் அந்தச் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றார்கள். அதைப் பண மசோதாவாகக் கொண்டுவந்தது அரசமைப்பை ஏமாற்றுவது என்று நீதிபதி சந்திரசூட் மாறுபட்டு எழுதினார். அடுத்த ஆண்டு இன்னொரு வழக்கில், பண மசோதா என்றால் எது என்ற கேள்வியே பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. யாராவது மாநிலங்களவைச் சீர்திருத்தம் என்று பேசினால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: பண மசோதா சான்றிதழை மக்களவைத் தலைவர் ஒருவரே தரும் முறையை மாற்றுவீர்களா? இரு அவைகளில் இருந்தும் மூத்த உறுப்பினர் ஓரிருவரைக் கலந்து முடிவு செய்யலாம். அதற்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை.

அடுத்தது வசிப்பிடம். 2003 வரை, எந்த மாநிலத்தில் இருந்து மாநிலங்களவைக்குப் போகிறாரோ அந்த மாநிலத்து வாக்காளராக ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஆண்டு சட்டத்தை மாற்றி, நாட்டில் எங்கு வாக்காளராக இருந்தாலும் போதும் என்றார்கள். குல்தீப் நய்யார் தொடுத்த வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அதற்கு முன்பும் பெயருக்கு ஒரு முகவரி காட்டிப் போனவர்கள் உண்டு. பொய் முகவரி கொடுக்கும் சங்கடமாவது ஒழிந்தது என்று இந்த மாற்றத்தை ஆதரித்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அது ஏற்புடையதாகப் படவில்லை. விதியை ஏய்க்கிறார்கள் என்றால் விதியை இறுக்குவதுதான் முறை. காவிரியோ கோதாவரியோ, ஒரு மாநிலத்தின் ஆற்றுச் சிக்கலை அந்த ஊர்த் தண்ணீர் குடித்தவர் பேசுவதற்கும், கட்சித் தலைமை இடம் ஒதுக்கிக் கொடுத்தவர் பேசுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

அப்புறம் இடப் பங்கீடு. இதில் கொஞ்சம் நின்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 'அமெரிக்காவில் எல்லா மாநிலத்துக்கும் இரண்டு செனட்டர், இங்கேயும் எல்லா மாநிலத்துக்கும் சமமாகக் கொடுத்தால் தென்மாநிலங்களுக்கு நியாயம் கிடைக்கும்' என்று நம் பக்கத்தில் பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மத்திய–மாநில உறவுகளை ஆராய்ந்த பூஞ்சி ஆணையமும் 2010-ல் சம இடங்களைப் பரிந்துரைத்தது. மக்களவைத் தொகுதி மறுவரையறை பற்றிய கவலை இருக்கும் காலத்தில் இது ஆறுதலாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் எண்களைப் பாருங்கள். இப்போது தமிழ்நாட்டுக்கு 18, கர்நாடகத்துக்கு 12, ஆந்திராவுக்கு 11, கேரளத்துக்கு 9, தெலங்கானாவுக்கு 7. கூட்டினால் 57. யூனியன் பிரதேசங்களை விட்டுவிட்டால் மாநிலங்களுக்கு மொத்தம் 225 இடங்கள். அதில் 57 என்பது நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். 28 மாநிலங்களுக்கும் சமம் என்றால் நம் ஐந்து மாநிலங்களின் பங்கு 28-ல் 5. அதாவது நூற்றுக்குப் பதினெட்டுக்கும் குறைவு. நியாயம் கேட்டுப் போய் இருப்பதையும் இழந்து வருவோம்.

அதற்காக இப்போதைய கணக்கே சரி என்றும் சொல்ல வரவில்லை. உத்தரப் பிரதேசத்துக்கு 31, சிக்கிமுக்கு 1 என்கிற இடைவெளி அதிகம்தான். இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. ஜெர்மனியின் மேலவையான பூண்டெஸ்ராட்டில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் குறைந்தது 3 வாக்கு, அதிகம் 6 வாக்கு. மக்கள்தொகை ஏற ஏற வாக்கும் படிப்படியாக ஏறும், ஆனால் அதே வேகத்தில் ஏறாது. மொத்தம் 69. சின்ன மாநிலத்துக்குக் குரல் இருக்கும், பெரிய மாநிலத்துக்குக் கனம் இருக்கும். நமக்கு ஏற்ற படிகளைப் போட்டு, ஒவ்வொரு படியிலும் யாருக்கு எவ்வளவு என்று அட்டவணை எழுதிப் பார்த்த பிறகுதான் ஆதரிக்கவோ எதிர்க்கவோ வேண்டும். அட்டவணை இல்லாத சீர்திருத்தப் பேச்சை நான் நம்புவதில்லை.

செலவு மிச்சம் என்ற வாதத்துக்கு வருகிறேன். அயர்லாந்தில் 2013-ல் மேலவையை ஒழிக்கலாமா என்று மக்களிடமே கேட்டார்கள். ஆண்டுக்கு 2 கோடி யூரோ மிச்சம் என்பது ஒழிக்கச் சொன்ன ஆளும் தரப்பின் முக்கியப் பிரசாரம். மக்கள் 51.7 சதவீதம் பேர் வேண்டாம் என்று சொல்லி மேலவையைக் காப்பாற்றினார்கள். இத்தாலியில் 2016 டிசம்பரில் 315 பேர் கொண்ட செனட்டை 100 ஆகக் குறைத்து, அதன் அதிகாரத்தையும் வெட்டும் திட்டம் வாக்கெடுப்பில் தோற்றது, பிரதமர் ரென்ஸி பதவி விலகினார். நான்கு ஆண்டு கழித்து அதே மக்கள், இரு அவைகளின் உறுப்பினர் எண்ணிக்கையை மட்டும் குறைக்கும் திருத்தத்தைப் பெரும்பான்மையோடு ஏற்றார்கள். ஆள் குறைப்பதற்கு அவர்கள் தயார். அதிகாரத்தைப் பறிப்பதற்குத் தயாரில்லை. முதல் வாக்கெடுப்பில் பிரதமர் தன் பதவியையே பணயம் வைத்ததும் ஒரு காரணம்தான், ஆனால் இந்த வித்தியாசம் கவனிக்கத்தக்கது.

நம் மாநிலத்தின் அனுபவமும் இருக்கிறது. தமிழ்நாட்டின் சட்ட மேலவை 1986 நவம்பர் 1 அன்று ஒழிக்கப்பட்டது. 1952-ல் ராஜாஜி முதலமைச்சரானது மேலவை வழியாகத்தான். 1967-ல் முதலமைச்சரான அண்ணாவும் மேலவை உறுப்பினராகத்தான் அந்தப் பதவியில் இருந்தார். கடைசித் தலைவராக இருந்தவர் ம.பொ.சி. அத்தகைய அவை, ஒரு நியமனத்தை ஒட்டி எழுந்த சர்ச்சையின் சூட்டில் போய்விட்டது. 2010-ல் திரும்பக் கொண்டுவர நாடாளுமன்றம் சட்டமே செய்தது. 2011-ல் ஆட்சி மாறியதும் அது நின்றுபோனது. ஆந்திராவில் 1985-ல் ஒழித்தார்கள், 2007-ல் திரும்ப வந்தது, 2020-ல் மறுபடி ஒழிக்கத் தீர்மானம் போட்டார்கள், 2021-ல் அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார்கள். எனக்கு இதில் வருத்தம் என்னவென்றால், மேலவையில் பட்டதாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் தனித் தொகுதி, உள்ளாட்சி அமைப்புகளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற ஏற்பாடு இந்தக் காலத்துக்குப் பொருந்துமா, அவர்களுக்குப் பதில் யாரை வைக்கலாம் என்ற பேச்சு எங்குமே நடக்கவில்லை. இருக்கட்டும், போகட்டும் என்ற இரண்டு சொல்லிலேயே விஷயம் முடிந்துவிட்டது.

இனி, உங்கள் இரண்டு கேள்விகளும் சந்திக்கும் இடம். மாநிலங்களவையில் 12 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை ஆகியவற்றில் சிறப்பறிவோ அனுபவமோ உள்ளவர்கள் என்று 80-ஆவது பிரிவு சொல்கிறது. பெயர்ப்பட்டியல் தருவது மத்திய அமைச்சரவை.

1952-ல் முதன்முதலில் நியமிக்கப்பட்டவர்களில் கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல் இருந்தார். அவர் நாட்டியத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசிவிட்டு உட்காரவில்லை. விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்க ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி கொடுத்த பிறகுதான் அதைத் திரும்பப் பெற்றார். 1960-ல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-ல் விலங்குகள் நல வாரியம் அமைந்தது, அதன் முதல் தலைவர் அவர்தான். வாரியத்தின் தலைமையகம் நெடுங்காலம் சென்னையில் இருந்ததும் அதனால்தான். ஜல்லிக்கட்டு வழக்குகளில் பெயர் அடிபட்டதே, அந்தச் சட்டமும் அந்த வாரியமும்தான் இவை. இப்போது அவற்றோடு நமக்கு எத்தனை மாறுபாடு இருந்தாலும், ஒரு நடனக் கலைஞர் கட்சி பலம் எதுவும் இல்லாமல் ஒரு சட்டத்தை முன்னெடுத்தார் என்பது வரலாறு.

இன்னொருவர் எழுத்தாளர் ஆர்.கே.நாராயண். 1986-ல் நியமனமானவர். 1989-ல் அவர் தம் கன்னிப் பேச்சில் பேசியது குழந்தைகளின் பள்ளிப் பையைப் பற்றி. பை சுமந்து சுமந்து கூன் விழுந்து நடக்கும் பிள்ளைகள், விளையாட நேரமில்லாமல் போகும் பிள்ளைகள். அந்தப் பேச்சின் தொடர்ச்சியாகப் பள்ளிச் சுமை பற்றி நாடு முழுக்கப் பேச்சு எழுந்து, 1992-ல் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் குழு அமைந்து, அடுத்த ஆண்டு அறிக்கை வந்தது. தேர்தலில் நின்று ஜெயித்து வந்த ஒருவருக்குப் பள்ளிப் பையைப் பற்றிப் பேச அவையில் நேரம் கிடைத்திருக்குமா? சந்தேகம்தான்.

இந்த மாதிரி நியமனங்களுக்கு நடுவே, அவைக்கே வராத நட்சத்திரங்களும், நியமனமாகி ஆறு மாதத்துக்குள் கட்சியில் சேர்ந்தவர்களும் உண்டு. ஆறு மாதத்துக்குள் சேரலாம் என்று கட்சித் தாவல் சட்டமே அனுமதிக்கிறது. முதலில் அந்த அனுமதியை எடுக்க வேண்டும். அடுத்து, பெயரைத் தேர்ந்தெடுக்கும் முறை. கனடாவில் செனட் முழுக்கவே நியமனம்தான். அங்கே 2016 முதல் ஒரு சுயேச்சையான ஆலோசனைக் குழு விண்ணப்பங்களை வாங்கி, பரிசீலித்து, பிரதமருக்குப் பெயர்களைத் தருகிறது. கடைசி முடிவு பிரதமருடையதே என்றாலும் பட்டியல் அவர் கையில் பிறப்பதில்லை. இங்கேயும் அப்படி ஒரு குழு வைக்கலாம். எழுத்தாளர் பெயரைச் சாகித்திய அகாதமியின் பொதுக்குழு சொல்லட்டும், இசை, நாட்டியத்துக்குச் சங்கீத நாடக அகாதமி சொல்லட்டும், ஓவியம், சிற்பத்துக்கு லலித் கலா அகாதமி.

இதைச் சொன்னதும் நீங்கள் கேட்பீர்கள்: அந்த அகாதமிகளே அமைச்சகத்தின் ஒரு பிரிவாகிவிட்டால்? அதுதான் இரண்டாவது கேள்வி.

பண்பாட்டு அமைப்புகளின் இணைப்பில் நம் நாட்டில் நடந்த பெரிய நிகழ்வு திரைப்படத் துறையில். 1948-ல் தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷன், 1955-ல் வந்த குழந்தைகள் திரைப்படச் சங்கம், 1964-ல் புணேயில் அமைந்த தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம், 1973-ல் வந்த திரைப்பட விழா இயக்ககம். இந்த நான்கையும் 1975-ல் தொடங்கிய தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்க 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. 2022 மார்ச் இறுதியில் ஆணை வந்தது. நான்கில் ஒன்றான ஃபிலிம்ஸ் டிவிஷனை நடுவயதைத் தாண்டியவர்களுக்கு நன்றாகவே தெரியும். கொட்டகையில் படம் போடுவதற்கு முன்னால், கறுப்பு வெள்ளையில் வெள்ளமும் அணைக்கட்டும் அமைச்சர்களும் வந்துபோகும் செய்திப்படம், அழுத்தந்திருத்தமான தமிழ்க் குரலோடு ஓடுமே, அது அவர்கள் தயாரித்ததுதான்.

அரசு சொன்ன காரணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. கொட்டகையில் கட்டாயமாகச் செய்திப்படம் ஓட்டிய காலம் போய்விட்டது. குழந்தைகள் படத்துக்கு ஒரு அமைப்பு, ஆவணப்படத்துக்கு ஒன்று, கதைப்படத்துக்கு ஒன்று என்று தனித்தனி அலுவலகமும் கணக்குப் பிரிவும் வைத்திருப்பது சுமைதான். படம் தயாரிக்கும் மூன்றையும் சேர்த்ததில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. காப்பகத்தையும் அதே கூடையில் போட்டதுதான் எனக்கு நெஞ்சை உறுத்துகிறது.

காரணத்தைச் சொல்கிறேன். பழைய படச்சுருள் டப்பா ஒன்றைத் திறந்த இடத்தில் ஒருமுறை நான் இருந்திருக்கிறேன். மூடியைத் திருகியதும் காடி வாடை மூக்கைத் தூக்கியது. அசிடேட் படச்சுருள் கெடத் தொடங்கியதற்கு அந்தப் புளிப்பு வாடைதான் அடையாளம். சுருள் ஓரம் அலைஅலையாக நெளிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் பிம்பம் உரிந்து கையோடு வரும். அதற்கும் முந்தைய நைட்ரேட் சுருள் என்றால் இன்னும் மோசம். அது பிசுபிசுத்துப் பொடியாகும், தீப்பிடித்தால் அணைக்கவும் முடியாது. 2003 ஜனவரியில் புணே திரைப்படக் கல்லூரி வளாகத்தில் நைட்ரேட் சுருள்கள் வைத்திருந்த கிடங்கு எரிந்தபோது போனவை திரும்பி வரவில்லை. இந்தச் சுருள்களைக் குளிரும் ஈரப்பதமும் மாறாத அறையில் வைத்து, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சுற்றிப் பார்த்து, கெடத் தொடங்கியதைப் பிரித்துத் தனியே வைத்து, நகல் எடுக்க வேண்டும். ஒரு நாள் மின்சாரம் தவறினாலும் அது அந்தச் சுருளின் ஆயுளில் கழியும். இதில் லாபம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

காப்பகத்தைக் கட்டி எழுப்பிய பி.கே.நாயர் 1965-ல் உதவிக் காப்பாளராகச் சேர்ந்து 1991-ல் ஓய்வு பெற்றார். இந்தியாவின் முதல் முழுநீளப் படமான பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா'வில் எஞ்சியிருந்த சுருள்களைப் பால்கே குடும்பத்தாரிடம் தேடிப் பெற்றவர் அவர். பழைய விநியோகஸ்தர்களின் கிடங்கு, பழைய பொருள் கடை என்று அலைந்து, அவர் ஓய்வு பெறும்போது சுமார் 12,000 படங்களைச் சேர்த்திருந்தார். அவருக்கு முன்னால் நாட்டில் அந்த வேலை செய்ய ஆளே இல்லை. விளைவு நமக்குத் தெரியும். தமிழின் முதல் பேசும்படம் 1931-ல் வந்த 'காளிதாஸ்'. டி.பி.ராஜலட்சுமி நடித்த அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' தென்னிந்தியாவின் முதல் மௌனப்படம், அதுவும் இல்லை. ஒரு மொழியின் திரை வரலாற்றில் முதல் பக்கமே கிழிந்து போயிருக்கிறது.

இந்த வேலையை, நிறுவனச் சட்டத்தின்கீழ் பதிவாகி, ஆண்டுதோறும் வரவு செலவு காட்ட வேண்டிய ஒரு கழகத்தின் கிளையாக்கினால் என்ன ஆகும்? சொத்துகளின் உரிமை மத்திய அரசிடமே இருக்கும் என்று அரசு விளக்கம் சொன்னது. தேசிய திரைப்படப் பாரம்பரிய இயக்கத்தின்கீழ் பழைய படங்களைப் புதுப்பிக்கும் வேலைக்குப் பெரிய நிதியும் ஒதுக்கியிருக்கிறது. அந்த வேலை நடக்கவும் செய்கிறது, அதை மறைக்கக் கூடாது. என் கவலை இன்றைய நிதியைப் பற்றி இல்லை. நிதி வற்றும் ஒரு ஆண்டு வரும். அப்போது ஒரே மேசைக்குத் திரைப்பட விழாவும் குளிரூட்டும் அறையும் சேர்ந்து வரும். விழாவுக்கு அமைச்சர் வருவார், தொலைக்காட்சி வரும். குளிர் அறைக்கு யாரும் வரமாட்டார்கள். எதை வெட்டுவார்கள் என்பதற்கு ஊகம் தேவையில்லை.

ஆஸ்திரேலியா இந்தப் பாடத்தைக் கற்றது எப்படி என்று பார்த்தால் இது தெளிவாகும். அங்கே தேசிய திரைப்பட, ஒலிக் காப்பகம் 1984-ல் தனி அமைப்பாக வந்தது. 2003-ல் அதைப் படத் தயாரிப்பை ஊக்குவிக்கும் ஆஸ்திரேலியத் திரைப்பட ஆணையத்தோடு இணைத்தார்கள். காப்பகத்தோடு தொடர்புடையவர்கள் விடாமல் எதிர்த்தார்கள். ஐந்தே ஆண்டில் முடிவைத் திருத்தினார்கள். 2008 ஜூலை 1 அன்று ஒரே நாளில் இரண்டு காரியம் நடந்தது: படத் தயாரிப்பை ஆதரிக்கும் மூன்று அமைப்புகள் ஸ்கிரீன் ஆஸ்திரேலியா என்ற ஒன்றாக இணைந்தன, காப்பகம் தனிச் சட்டத்தோடு பிரிந்து சுயேச்சையானது. இணைக்க வேண்டியதை இணைத்தார்கள், பிரிக்க வேண்டியதைப் பிரித்தார்கள். நாம் செய்திருக்க வேண்டியதும், இன்னும் செய்யக்கூடியதும் இதுதான்.

பிரித்ததால் வளர்ந்தது நம்மிடமே உண்டு. தேசிய நாடகப் பள்ளி 1959-ல் சங்கீத நாடக அகாதமியின் ஒரு பகுதியாகத் தொடங்கியது. 1975-ல் அதைத் தனி அமைப்பாக்கினார்கள். பாடம் நடத்துவதும் விருது, நிதி வழங்குவதும் வேறு வேறு வேலை என்று அன்றைக்கு யாரோ சரியாக யோசித்திருக்கிறார்கள்.

நாளை யாராவது மூன்று அகாதமிகளையும் சேர்த்து ஒரே 'பண்பாட்டு ஆணையம்' ஆக்கலாம் என்று கிளம்பினால் என்ன சொல்வது? கணினி, கட்டடப் பராமரிப்பு, கணக்குத் தணிக்கை, அரங்க வாடகை, கொள்முதல், இவற்றை எல்லாம் தாராளமாகச் சேர்க்கலாம். மூன்று அகாதமியும் டெல்லியில் ஒரே ரவீந்திர பவனில்தான் இருக்கின்றன. இதற்கு இணைப்புச் சட்டம்கூட வேண்டாம். சேர்க்கக் கூடாதது, தேர்ந்தெடுக்கும் குழுக்களை. சாகித்திய அகாதமி 24 மொழிகளை ஏற்றிருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனி ஆலோசனைக் குழு. தமிழில் எந்த நாவல் நல்ல நாவல், எந்த நூலை மொழிபெயர்க்கலாம் என்பதைத் தமிழ் படிப்பவர்கள் பேசி முடிவு செய்கிறார்கள். அந்தத் தேர்வுகளில் எனக்கு எத்தனையோ முறை கோபம் வந்திருக்கிறது, சண்டை போட்டிருக்கிறேன். ஆனாலும் சண்டை போட அங்கே தமிழ் தெரிந்த ஒருவர் இருக்கிறார். பெரிய ஆணையத்தில் அந்தக் குழு ஒரு கோப்பின் ஒரு பத்தியாகிவிடும், சண்டை போடவும் ஆள் இருக்காது.

அகாதமியின் முதல் தலைவர் நேரு. அகாதமித் தலைவர் என்ற முறையில், பிரதமர் என் வேலையில் தலையிடுவதை நான் விரும்பமாட்டேன் என்ற பொருளில் அவர் பேசியது அந்த வட்டாரத்தில் இன்றும் நினைவுகூரப்படுகிறது. இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தவர் அவரே. அந்தப் பெருந்தன்மையை எல்லாரிடமும் எதிர்பார்க்க முடியாது என்பதால்தான் அதைச் சட்டத்தில் எழுதிவைக்க வேண்டும் என்கிறேன். இந்த மூன்று அகாதமிகளும் 1860-ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானவை; நாடாளுமன்றம் அவற்றுக்கென்று தனிச் சட்டம் செய்யவில்லை. கலாக்ஷேத்ராவுக்கு 1993-ல் தனிச் சட்டம் வந்தது. சட்டம் வந்தால் தானாகச் சுதந்திரம் வந்துவிடாது. ஆனால் சட்டத்தால் வந்த அமைப்பை இணைக்கவோ கலைக்கவோ நாடாளுமன்றத்துக்கு மசோதா வர வேண்டும், இரண்டு அவையிலும் விவாதம் நடக்க வேண்டும். திரைப்பட அமைப்புகள் விஷயத்தில் ஒரு அமைச்சரவை முடிவும் ஒரு ஆணையும் போதுமாக இருந்தன. மாநிலங்களவைக்கு அதைத் தாமதப்படுத்தும் வாய்ப்பே வரவில்லை.

அதனால் உங்களுக்கு என் யோசனை இது. இணைப்பு என்றோ சீர்திருத்தம் என்றோ ஒரு வரைவு வரும்போது முன்னுரையைப் படிக்காதீர்கள், அதில் எல்லாமே அழகாக இருக்கும். மேலவை பற்றியது என்றால், பண மசோதா பிரிவும் இடப் பங்கீட்டு அட்டவணையும் இருக்கும் பக்கத்துக்கு நேராகப் போங்கள். அமைப்பு இணைப்பு என்றால், மூன்று விஷயத்தைத் தேடுங்கள்: ஒன்று, தலைவரை யார் நியமிக்கிறார், எத்தனை ஆண்டுக்கு, இடையில் நீக்க முடியுமா; இரண்டு, காப்பகத்துக்கும் நூலகத்துக்கும் நிதி தனித் தலைப்பில் வருகிறதா, பொதுத் தொகையில் கரைகிறதா; மூன்று, காப்பாளர் பதவி அந்தப் பெயரிலேயே இருக்கிறதா, 'பொது மேலாளர்' ஆகிவிட்டதா. மசோதா நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போனால் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு விளம்பரம் வருவது வழக்கம். அவகாசம் குறைவாகத்தான் இருக்கும். அந்த மூன்றில் பதில் இல்லாதது எதுவோ, அதை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். கருத்து அனுப்பியவர்களில் சிலரைக் குழு நேரில் அழைத்துக் கேட்பதும் உண்டு.